ஏழால் பிரிந்த எண்

2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் ஆறாம் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் படகில் கிளின்ரன் நெடுந்தீவை விட்டுப் போனான். மாவிலித் துறையில் அன்று கூட்டம் அதிகமில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத வருடம் அது. தொழிலுக்குப் போக வழியில்லாத வள்ளங்கள் கரையில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தன. அவனுடைய தகப்பன் சில்வெஸ்ரர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறையின் முடிவு வரைக்கும் கூடவே நடந்தார். தாய் றோசம்மா வரவில்லை. துறைக்கு வந்து அழுதால் பிள்ளையின் மனம் மாறிவிடும், மாறினால் முகவரிடம் கொடுத்ததெல்லாம் வீண் என்று சொல்லி வீட்டுப் படலையோடு நின்றுகொண்டார்.

படகில் ஏறுவதற்கு முன் கிளின்ரன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தான். சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துத் தண்ணீரில் போட்டான்.

"என்னடா அது?" என்று கேட்டார் சில்வெஸ்ரர்.

"விடை," என்றான் கிளின்ரன். "கேள்வி வீட்டில இருக்கு. விடை என்னோட வருது."

தகப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத் தெரிந்தவரையில் மகன் கடைசியாக அவரைச் சிரிக்க வைத்தது அதுதான்.

அந்தக் கேள்வி அவன் புறப்பட்டதற்கு முதல் நாள் பின்னேரம் வீட்டில் உருவானது. கிளின்ரன் போகவிருந்த வழி நேர்வழி அல்ல. ரஷ்யாவுக்கு விசா, அங்கிருந்து பெலாரஸ், பிறகு காட்டுக்குள்ளால் நடந்து போலந்து, கடைசியில் பிரான்ஸில் இருக்கும் றோசம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியின் வீடு. அப்படிப் போனவர்களின் வீடுகளுக்கு என்ன நடக்கும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் தொடர்பு அறுந்த மறுமாதமே எவனோ ஒருவன் தொலைபேசியில் வருவான். உங்கள் மகன் என்னோடுதான் இருக்கிறான், சிறையில் இருக்கிறான், காலொடிந்து கிடக்கிறான் என்பான். யுத்தத்தின் கடைசியில் காணாமல் போன தன் மகனைக் காட்டித் தருகிறேன் என்றவனை நம்பி, கிழக்குப் பக்கத்துச் செல்லாச்சி ஒரு வருடம் முழுக்கத் தெற்கிலே முகாம் முகாமாக அலைந்தவர். அந்த வீட்டைப் பார்த்து வளர்ந்தவன் கிளின்ரன்.

"ஆர் எடுத்தாலும் ரெண்டு இலக்கம் கேளுங்கோ," என்றான். "நானே கதைச்சாலும் கேளுங்கோ. இப்ப குரலையும் மெசினில செய்யினம். ரெண்டையும் பெருக்க நான் தாற இந்த இலக்கம் வரவேணும். ஒரு இலக்கம் பிசகினாலும் அவன் கள்ளன். யோசிக்காமல் வைச்சிடுங்கோ."

றோசம்மாவுக்கு இது வீண் வேலையாகப் பட்டது. "ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டுப் போவன். நான் ஞாபகம் வைச்சிருப்பன்தானே."

"நீங்கள் ஞாபகம் வைச்சிருப்பியள் அம்மா. அவன் அந்தப் பக்கம் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டவுடன, பாரைமீன் எண்டு சொல்லு ராசா எண்டு நீங்களே எடுத்தும் குடுப்பியள்."

றோசம்மா அடிக்கக் கையை ஓங்கினார். பிறகு அவரும் சேர்ந்து சிரித்தார். அது உண்மைதான், அவர் வாயில் ஒன்றும் நிற்காது. வீட்டில் எவருக்கும் தெரியாத ஒன்றை எவராலும் உளற முடியாது. அதுதான் கிளின்ரனின் யோசனை. அவன் ஆயிரத்துக்கு மேற்பட்ட இரண்டு பகா எண்களை எடுத்திருந்தான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் பிரியாத எண்கள். அவற்றைப் பெருக்கி வருகிற எண்ணை ஊருக்கே காட்டலாம். அதற்குள்ளிருந்து அந்த இரண்டையும் கையால் தேடி எடுப்பது மாதக்கணக்கான வேலை. அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சில்வெஸ்ரர் தன் பாசையில் அதை விளங்கிக்கொண்டார்: நீலத்தையும் மஞ்சளையும் கலந்து பச்சை ஆக்கலாம், பச்சைக்குள்ளிருந்து மஞ்சளை எடுப்பது யார்.

கிளின்ரன் தன் பள்ளிக்கூடத்துக் கல்குலேற்றரை வீட்டில் விட்டுப் போவதாக இருந்தான். அதன் முகத்தில் எட்டு இலக்கம்தான் தெரியும். ஆகவே எட்டு இலக்கத்துக்குள் அடங்குகிற மாதிரி, ஆனால் எட்டும் நிறைகிற மாதிரி, பெருக்குத்தொகையை எடுத்திருந்தான். கணக்கைச் செய்த தாளிலிருந்து அந்த எண்ணை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தகப்பனிடம் கொடுத்தான்.

எண் எழுதுவது சில்வெஸ்ரரின் கைவந்த வேலை. ஐம்பத்தெட்டு வயதுவரை கடல்தான் அவருக்குச் சோறு போட்டது. இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் இரண்டு வள்ளங்களைப் பறிகொடுத்தார். திரும்பி வந்து மூன்றாவதை வாங்கினார். யுத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு வள்ளத்திலும் பதிவு இலக்கம் தெளிவாக இருக்கவேண்டும் என்று வந்தபோது, நேர்கோட்டில் பிசிறில்லாமல் எழுதத் தெரிந்தவர் அந்தக் கரையில் அவர் ஒருவர்தான். மாரி முடிந்து வள்ளங்களைச் சுரண்டிப் பூசுகிற காலத்தில் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். கூலி என்று எதையும் கேட்கமாட்டார். யாராவது மீனைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அவருடைய முறை தனி முறை. தாளை ஒரு தடவை நன்றாகப் பார்ப்பார். அதன்பின் திரும்பிப் பார்க்கமாட்டார். கையை எடுக்காமல் எழுதி முடிப்பார். ஒரு இலக்கம் மாறினால் அது இன்னொருவனுடைய வள்ளம், கடலில் மறித்துப் பார்க்கிறவனிடம் பிழையாக எழுதிப்போட்டான் என்று சொல்லித் தப்ப ஏலாது என்பார். இத்தனை வருடத்தில் அவர் எழுதியதில் பிழை என்று எவரும் வந்ததில்லை.

அன்றும் அப்படித்தான். துண்டை ஒரு தடவை பார்த்தார். வள்ளத்துக்குப் பூசி மிச்சமிருந்த நீல நிறத்தால், குசினிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், சாண் உயரத்தில் எட்டு இலக்கங்களை எழுதினார்.

46094237.

துண்டுத்தாள் அடுப்புக்குள் போனது. காலையில் புறப்படுகிற அவசரத்தில், தேநீர்க் கோப்பையோடு அந்தச் சுவருக்கு முன் நின்று கிளின்ரன் சரிபார்த்தான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு ஒரு பழக்கம். எந்தப் பெருக்கலையும் ஒன்பதைத் தள்ளித்தான் சரிபார்ப்பான்: இலக்கங்களைக் கூட்டு, ஒன்பது வந்தால் விடு, மிச்சம் என்னவென்று பார். மூன்று மூச்சில் முடிந்துவிடும். நாலும் ஆறும் பத்து என்று தொடங்கி உதட்டை அசைத்துக்கொண்டு போனான்.

"முப்பத்தைஞ்சு. தள்ளினா மிச்சம் எட்டு. சரியப்பா," என்றான். அவன் தலைக்குள் வைத்திருந்த இரண்டு எண்களிலிருந்தும் எட்டுத்தான் வந்தது.

அவனுடைய அக்கா நிலக்சனா ஊர்காவற்றுறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அங்கேயே ஒரு மாமி வீட்டில் தங்கி, சனிக்கிழமைப் படகில் வீட்டுக்கு வருவாள். அவளும் உயர்தரத்தில் கணிதம் படித்தவள்தான். தம்பி போவதற்கு முன் தொலைபேசியில் அவளிடம் ஒரு சத்தியம் வாங்கினான்: அந்த எண்ணை எதிலும் போட்டுப் பிரித்துப் பார்க்கக்கூடாது. கொம்பியூட்டர் என்றால் ஒரு நொடியில் சொல்லிவிடும். "உமக்குத் தெரிஞ்சா அது அம்மாவுக்குத் தெரிஞ்ச மாதிரி," என்றான். அவள் சுவரைப் படமெடுத்து வைத்துக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை.

மொஸ்கோவில் இருந்து கதைத்தான். மின்ஸ்கில் இருந்து இரண்டு தடவை கதைத்தான். குளிர் காதைத் தின்னுகிறது என்றான். நவம்பர் நடுப்பகுதியில், நாளைக்குக் காட்டுக்குள் இறங்குகிறோம் என்று ஒரு செய்தி அனுப்பினான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

முதல் கள்ளன் மார்கழியில் வந்தான். உங்கள் மகன் போலந்துச் சிறையில், நான்தான் அவனுடைய வழக்கறிஞரின் உதவியாளன் என்றான். சில்வெஸ்ரர் அமைதியாக இரண்டு இலக்கம் கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன்னுடைய இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் ஒப்புவித்தான். எது வசதியோ அதில் எடுக்கலாமாம். அந்தக் கதை ஒரு கிழமைக்குத் தீவையே சிரிக்க வைத்தது. பக்கத்து வளவு அம்புறோஸ் ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சில்வெஸ்ரர் அண்ணை, நான் சொல்லுறன் ரெண்டு இலக்கம். ஒண்டு, மற்றது சுவரில இருக்கிறது. பெருக்கிப் பாருங்கோ. இனி நான்தான் உங்கட மகன், கஞ்சி ஊத்துங்கோ," என்பான்.

இரண்டாவதாக வந்தவள் ஒரு பெண். கோயில் திருவிழா எப்போது, வீட்டு நாயின் பெயர் என்ன என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. றோசம்மா தொலைபேசியைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு விம்மத் தொடங்கிவிட்டார். சில்வெஸ்ரர் அதைப் பறித்து எடுத்துக் கேள்வியைக் கேட்டதும் மறுபக்கம் துண்டித்துக்கொண்டது. அன்று முதல் றோசம்மாவும் அந்தச் சுவரை நம்பினார். இரவுச் செபம் முடிந்து எழும்புகிறபோது, கும்பிட்ட கையால் அந்த நீல இலக்கங்களை ஒரு தடவை தடவிவிட்டுப் போவார். மகனுக்கும் தங்களுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறக்கும் திறப்பு அவனிடம் மட்டும் இருக்கிறது என்று அந்த வீடு நிம்மதிப்பட்டது. நிம்மதி என்றால் முழு நிம்மதி இல்லை. தெரியாத இலக்கத்தில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். றோசம்மா கோயில் கூட்டப் போயிருந்தார். சில்வெஸ்ரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நீண்டதொரு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து தொலைபேசி அடித்தது.

"ஐயா, கிளின்ரன் அண்ணாவின்ர வீடோ?" இளம்பெடியனின் குரல். மூச்சு வாங்கியது.

"ஆர் கதைக்கிறது?"

"நான் ஜதுர்சன், புங்குடுதீவு, இறுப்பிட்டி. அண்ணாவோட காட்டுக்கால வந்தனான். இப்ப ஆஸ்பத்திரியில நிக்கிறம். அண்ணா எனக்குப் பக்கத்திலதான் படுத்திருக்கிறார். நெஞ்சில சளி. முகத்தில காத்து மூடி போட்டிருக்கு, கதைக்க ஏலாது. ஆனா நீங்கள் கதைச்சா அவருக்குக் கேக்கும் ஐயா."

சில்வெஸ்ரர் வலையூசியைக் கீழே வைத்தார். இப்படித்தான் கதைப்பார்கள். பக்கத்தில் இருக்கிறான், கதைக்க மட்டும் ஏலாது. அவர் எழுந்து சுவருக்கு முன்னால் போனார்.

"ரெண்டு இலக்கம் சொல்லும்."

"ஓம் ஐயா, கேப்பீங்கள் எண்டு சொன்னவர். ஏழு ஒன்பது ஒண்டு ஒன்பது. மற்றது ஐஞ்சு ஒன்பது ரெண்டு மூண்டு."

கேட்ட உடனேயே எவரும் இப்படிச் சொன்னதில்லை. ஆணியில் தொங்கிய கல்குலேற்றரை எடுத்து ஒவ்வொன்றாக அமத்தினார். 7919. பெருக்கல். 5923. சமன். கண்ணாடிக்குள் இலக்கங்கள் வந்து நின்றன. நாலு, ஆறு என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

46904237. சுவரில் 46094237.

வேறொருவர் என்றால் கண் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். இவர் இலக்கம் எழுதுகிறவர். தொண்ணூறு வேறு வள்ளம், ஒன்பது வேறு வள்ளம். இருந்தும் மறுபடி அமத்தினார். அதே விடை.

"ஐயா, கெதியாச் சொல்லுங்கோ. போன் நேர்ஸின்ர."

ஆறு இலக்கம் சரியாக வந்ததுதான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது. ஒன்றுமே பொருந்தாமல் இருந்திருந்தால் சும்மா வைத்திருப்பார். இவன் எங்கேயோ இந்தச் சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான், கிட்டத்தட்ட வருகிற மாதிரி இரண்டு எண்ணை எவனிடமோ கேட்டு எடுத்திருக்கிறான் என்று நினைத்தார். அம்புறோஸின் வாயைச் சபித்தார். ஒரு இலக்கம் பிசகினாலும் என்று பிள்ளை சொல்லிவிட்டுத்தானே போனான். இங்கே இரண்டு பிசகியிருக்கிறது.

"நீ கள்ளன்," என்றார். "மற்றவன்ர பிள்ளையை வைச்சுப் பிழைக்கிற கள்ளன். இனி இந்த வீட்டுக்கு எடுத்தியெண்டா கேக்கக்கூடாததெல்லாம் கேப்பாய்."

வைத்துவிட்டார். அந்த இலக்கத்திலிருந்து மறுபடி ஒரு தடவை அடித்தது. எடுக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. மகன் ஒப்படைத்த காவலைத் தவறாமல் செய்திருக்கிறார். கள்ளர்கள் எவ்வளவு கிட்ட வந்துவிட்டார்கள் என்று மகளுக்குக் காட்டுவதற்காக, கரித்துண்டால் அந்த விடையைச் சுவரிலே நீல எண்ணுக்கு நேர்கீழே எழுதி வைத்தார்.

நிலக்சனா சனிக்கிழமை வந்தாள். சில்வெஸ்ரர் கதையை முதலிலிருந்து சொன்னார். கள்ளனின் குரலைப் போலவே மூச்சு வாங்கிக் காட்டினார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கல்குலேற்றரை எடுத்தாள். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தாள். எட்டு இலட்சத்துப் பத்தாயிரம் வந்தது. அதை ஒன்பதால் பிரித்தாள். தொண்ணூறாயிரம். மிச்சமில்லை.

"அப்பா, அந்தப் பெடியன் என்ன பேர் சொன்னவன்?"

"கள்ளனுக்குப் பேர் என்ன பிள்ளை."

அவள் சுவரில் இருந்த நீல எண்ணை மறுபடி கல்குலேற்றரில் போட்டாள். தம்பிக்குக் கொடுத்த சத்தியத்தை அப்போதுதான் முதல் தடவையாக மீறினாள். மூன்றால் பிரித்தாள், சரிவரவில்லை. ஏழால் பிரித்தாள். 6584891 என்று வந்து நின்றது. புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கல்குலேற்றரைத் தகப்பனின் கையில் வைத்தாள்.

"தம்பி எடுத்த ரெண்டும் ஆயிரத்துக்கு மேல உள்ள பகா எண். அதுகளைப் பெருக்கினா அந்த ரெண்டையும் விட வேற ஒரு பகா எண்ணும் உள்ளுக்க வராது. ஏழு வராது. இது ஏழால பிரியுது அப்பா. சுவரில இருக்கிறது தம்பி தந்த இலக்கம் இல்லை."

சில்வெஸ்ரருக்கு விளங்கவில்லை. அவனே பார்த்துச் சரி என்று சொன்னான், என் கண் முன்னால் கூட்டிப் பார்த்தான் என்றார்.

"கூட்டித்தான் பாத்தவன். ரெண்டு இலக்கம் இடம் மாறினா கூட்டுத்தொகை மாறாது. ஒன்பதைத் தள்ளிப் பாத்தா ஒருநாளும் தெரியாது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமும் ஒன்பதால பிரியுது. ஒன்பதும் பூச்சியமும் இடம் மாறியிருக்கு." சொல்லத்தான் வேண்டுமா என்று அவள் யோசித்ததைச் சில்வெஸ்ரர் கண்டார். "எங்கட வள்ளத்தின்ர இலக்கம் என்னப்பா?"

"நாலு ஆறு," என்று தொடங்கினார்.

அடுத்ததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வருடா வருடம் மாரி முடிந்ததும், இரண்டு பக்கமும், இதே நீலத்தால், தாளே பார்க்காமல் எழுதுகிற இலக்கம் அது. நாலும் ஆறும் வந்தால் அந்தக் கைக்குப் பூச்சியமும் ஒன்பதும்தான் வரும். மகன் தந்த துண்டில் ஒன்பதும் பூச்சியமும் இருந்திருக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மாதமாக அந்த வீடு, பூமியில் எவனாலும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சரியான பதிலோடு வந்தவனைக் கள்ளன் என்று சொல்லித் துரத்தியிருக்கிறது.

அன்று முழுவதும் அந்த வெளிநாட்டு இலக்கத்துக்கு எடுத்தார்கள். ஒரு பெண், அந்தத் தாதிதான், எடுத்தாள். அவளுடைய பாசை இவர்களுக்குத் தெரியவில்லை. இவர்களுடைய ஆங்கிலம் அவளுக்கு விளங்கவில்லை. கிளின்ரன், கிளின்ரன் என்று சில்வெஸ்ரர் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிரான்ஸிலிருந்த றோசம்மாவின் தம்பி, தன்னோடு வேலை செய்கிற போலந்துக்காரன் ஒருவனைக் கொண்டு கதைப்பிக்க ஒரு கிழமை போனது. அதற்குள் தாதிக்கு வேறிடத்துக்கு மாற்றம். யாரோ ஒரு பெடியன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டான், கொடுத்தேன் என்பதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. காட்டிலிருந்து கொண்டுவரப்படுகிறவர்கள் நிறையப் பேர். கிளின்ரன் என்ற பெயரில் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. முகவர் எந்தப் பெயரில் கடவுச்சீட்டுக் கொடுத்திருந்தான் என்று இவர்களுக்கும் தெரியாது.

றோசம்மாவுக்கு யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. படமெடுத்ததிலோ எதிலோ தான்தான் பிழை விட்டதாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள் நிலக்சனா. சில்வெஸ்ரர் வேண்டாம் என்றார். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு எதிரே குந்தியிருந்து, எண்ணைப் பற்றியும் வள்ளத்தைப் பற்றியும் பெடியனைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னார். றோசம்மா பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை அவனுக்குப் பக்கத்தில படுத்திருந்தவனோ?"

"ஓம் எண்டுதான் சொன்னவன்."

"கதைச்சா கேக்கும் எண்டு சொன்னவனோ?"

"ஓம்."

றோசம்மா துணியை உதறிக் கொடியில் போட்டார். அன்றிலிருந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். சில்வெஸ்ரர் சாப்பிட்டு எழும்பும்வரை வெளியே வரமாட்டார். மூன்றாம் நாள் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "அதை மாத்தி எழுதுங்கோ."

சில்வெஸ்ரர் மாற்றி எழுதினார். மகள் எழுதித் தந்த தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒவ்வொரு தடவை பார்த்தார். பழைய நிறம் புதிய வெள்ளைக்குக் கீழே மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. இப்போது கதவும் சரி, திறப்பும் சரி. வருவதற்குத்தான் ஆளில்லை.

அதன்பிறகு வந்த தொலைபேசிகளில் றோசம்மா எவரையும் துண்டிக்க விடவில்லை. பிழையான இலக்கம் சொன்னவனுக்கும் வடிவாக யோசிச்சுச் சொல்லு தம்பி என்று மூன்று நான்கு தடவை அவகாசம் கொடுப்பார். ஒருவன் ஏசிவிட்டு வைத்தான். இன்னொருவன் சிரித்தான். பிறகு அவர்களும் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மண்ணெண்ணெய் வந்தது, வள்ளங்கள் ஓடின, மாரி முடிந்து பூச்சுக் காலம் வந்தது. சில்வெஸ்ரரைத் தேடி வந்தவர்களுக்குக் கண் மங்கலாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார். தன் வள்ளத்துக்கும் அவர் எழுதவில்லை. அம்புறோஸ் வந்து தூரிகையை வாங்கினான். முதலில் பகிடிக்கு என்னவோ சொல்ல வாயெடுத்தவன், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இரண்டு பக்கமும் எழுதினான். இலக்கங்கள் கோணலாக வந்தன. சில்வெஸ்ரர் மறுபக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தடவை அவர் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டார். எதைப் பாவம் என்று சொல்வது என்று தெரியாமல் வேறு சின்னச் சின்னவற்றைச் சொல்லிவிட்டு வந்தார். மகன் சொன்னபடி செய்தது பாவமில்லை. கை பழக்கத்தில் போனது பாவமில்லை. கள்ளன் என்ற அந்தச் சொல்தான் தொண்டைக்குள் கிடந்தது. மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவர் நம்பினாரா என்று நிலக்சனாவுக்கும் தெரியாது. ஒருமுறை படகுத்துறையில் அவளிடம் ஒன்று கேட்டார்: அந்தப் பெடியன் போனை எப்படி வைத்துக்கொண்டு கதைத்திருப்பான், காதிலா, வெளியே கேட்கிற மாதிரியா. தெரியாதப்பா என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

2025 ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நேரத்தில், நிலக்சனாவின் தொலைபேசிக்கு ஜேர்மனி இலக்கமொன்றிலிருந்து குரற்செய்தி வந்தது. அவள் வளவின் கற்சுவர்ப் பக்கம் போய்த் தனியே ஒரு தடவை கேட்டாள். அழித்துவிடலாம், அது வந்ததென்று எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் உள்ளே வந்தாள். குசினிக்குள்ளிருந்து தாயைக் கூப்பிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தினாள். தொலைபேசியை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"அக்கா, நான் ஜதுர்சன். இறுப்பிட்டி. உங்கட கோயில் திருவிழாப் படத்துக்குக் கீழ உங்கட பேரைக் கண்டுதான் இந்த இலக்கம் எடுத்தனான். முந்தியே எடுத்திருக்கவேணும். எனக்கும் மூண்டு முகாம் மாறிப்போச்சு. உண்மையா அது மட்டும் இல்லை, உங்கட அப்பா அண்டைக்குப் பேசினதில எனக்குக் கோவம். கிளின்ரன் அண்ணா அந்தத் தை மாதமே மோசம் போயிட்டார் அக்கா. நான் எடுத்ததுக்குப் பிறகு ரெண்டு மூண்டு நாள்தான் இருந்தவர். அங்க ஒரு ஊர்க் கோயிலின்ர சவக்காலையில வைச்சவை, சாமியார் வந்தவர், இடம் எனக்குத் தெரியும், அனுப்புறன். அப்பாட்டச் சொல்லுங்கோ, அவர் பேசினது அண்ணாவுக்குக் கேட்டது. போன் வெளியில கேக்கிற மாதிரித்தான் போட்டிருந்தனான். அண்ணா கோவிக்கேல்ல. மூடியைக் கழட்டிப்போட்டு, அப்பாவில பிழையில்லை, அவர் எழுதினா பிழைக்காது, நான்தான் பெருக்கேக்க எங்கயோ விட்டிட்டன் எண்டு சொன்னவர். திருப்பி எடுக்காத, கண்டுபிடிச்சுச் சரியான ரெண்டையும் தாறன் எண்டவர். நேர்ஸிட்ட ஒரு பேனை வாங்கிக் குடுத்தனான். கை ஏலும் நேரமெல்லாம் அதைத்தான் பெருக்கிப் பெருக்கிப் பாத்தவர் அக்கா. ஒவ்வொருக்காலும் அதே விடைதான் வந்தது. எங்க பிழைச்சது எண்டு கடைசிவரைக்கும் அவருக்குப் பிடிபடேல்ல."